ஜன்னலோரத்தில் ஐந்து பாட்டில்கள்

பாட்டிலக்காவைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அட்டையில் மட்டும்தான் மிச்சமிருந்தது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவளுக்கு வேறென்ன பெயர் நிற்கும்?

ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஓடையில் அவளுக்கு ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் பாட்டிலை மூன்று முறை அந்தத் தண்ணீராலேயே அலசி, நான்காவது முறை நிரப்பி, மூடியில் இடத்தையும் நேரத்தையும் எழுதுவாள். அலசாமல் நிரப்பிய புது ஆள் ஒருவனை அவள் கேட்ட கேள்வியில், அவன் வேறு இலாகாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வேலையில் அவளுக்கு அத்தனை கறார். வாயும் கொஞ்சம் நீளம்தான்.

வெள்ளிக்கிழமைதான் ஆய்வகத்து வண்டி வரும். அதுவரை பாட்டில்கள் குளிரில் இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது, ஒருநாள் தாகத்தில் மூன்றாம் நம்பர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு அவள் பேசவில்லை.

அப்படிக் காத்த தட்டை அவளே காலி செய்தாள். தங்கை பிள்ளை பெற்று, பத்து நாள் பாப்பாவோடு வந்து இறங்கியிருந்தாள். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. திரும்பி வர ஆறு மாதம் ஆகும். தாய்ப்பால் போதவில்லை. பால்புட்டிகள், சொட்டு மருந்து, கரைத்து வைத்த பவுடர் பால் என்று ஃப்ரிட்ஜ் இரண்டே நாளில் நிரம்பிவிட்டது.

"உன் பாட்டில் இருக்குற இடமாச்சே அக்கா" என்று தங்கை தயங்கினாள்.

"அட போடி! தண்ணி என்ன மீனா, கெட்டுப்போறதுக்கு?"

சொல்லிவிட்டு ஐந்து பாட்டில்களையும் எடுத்துச் சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். நல்ல வெயில் விழுகிற ஜன்னல். வெள்ளிக்கிழமை வருவதற்குள் பாட்டிலின் அடியில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். ஒரு குலுக்குக் குலுக்கி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவாள். விதியை மீறுகிறோம் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஐம்பதை நெருங்குகிற வயதில் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாப்பா கொட்டாவி விட்டால்கூட அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பால் பவுடர் கரைக்கிற தண்ணீர் விஷயத்தில் மட்டும் அதே பழைய கறார். "அரை மணி நேரமாவது கொதிக்கட்டும். எந்தக் கிருமியும் உயிரோட இருக்கக் கூடாது" என்பாள். தங்கையும் கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்க வைத்தாள். அக்கா தண்ணீர் இலாகாக்காரி, அவளுக்குத் தெரியாததா!

இப்படியே ஒன்பது வாரம் போயிற்று. ஒவ்வொரு வாரமும் ஆய்வகத்துத் தாள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. நைட்ரேட் என்ற வரியில் முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்து மூன்று. ஐம்பதைத் தாண்டினால்தான் ஆபத்து. கீழே பெரிய எழுத்தில், 'குடிக்க உகந்தது'.

பத்தாவது புதன்கிழமை வண்டி எதற்கோ முன்கூட்டியே வந்து, அவள் மலையிலிருந்து இறங்கிய கையோடு பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பாப்பா வந்த பிறகு ஜன்னலுக்குப் போகாத முதல் பாட்டில்கள் அவைதான்.

மறுநாள் காலை, ஓடையின் நீர்மட்டக் கோலைப் பார்க்க அவள் மேலே போயிருந்தபோது ஃபோன் அடித்தது. ஆய்வகத்து லேப் சார். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர்.

"ஏம்மா, எங்க இருக்க?"

"மேல, மூணாவது எடத்துல சார்."

"நேத்து குடுத்த பாட்டிலு எல்லாத்துலயும் நைட்ரேட் அறுபத்தொண்ணு காட்டுது. போன வாரம் நாப்பத்தி மூணுதான? ஒரே வாரத்துல இப்படி எகிறாதே. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். யாராவது உரம் கிரம் கொட்டினாங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மேல்சரிவு மொட்டையாகக் கிடந்தது. மின்கம்பிப் பாதைக்காகப் போன வருடம் அத்தனை மரத்தையும் வெட்டினார்கள். மறுபடி எதுவும் முளைக்கக் கூடாதென்று மருந்தும் அடித்தார்கள். ஒரு புல் இல்லை.

"உரம் இல்ல சார். அந்தச் சரிவு மொட்டையாத்தான் கெடக்கு."

"அட, அதுதாம்மா விஷயம்! உதுந்த எலை, செத்த வேரு எல்லாம் மக்கி மக்கி மண்ணு நைட்ரேட்டப் பண்ணிக்கிட்டே இருக்கும். மரம் இருந்தா வேரு உறிஞ்சிக்கும். இப்ப உறிஞ்ச ஆளில்ல, மழை பேஞ்சா மொத்தமும் ஓடைக்கு வந்துடும். ஆனா அது கொஞ்சம் கொஞ்சமா ஏறணுமே. போன வாரம் வரைக்கும் ஏன் கம்மியாக் காட்டிச்சு? இந்தத் தடவ பாட்டில வேற எங்கயாவது வெச்சியா?"

இந்தத் தடவை வேறெங்கும் வைக்கவில்லை. அதுதான் வித்தியாசம். பச்சைப் பாசி பாட்டிலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்குமா? அதற்கும் சாப்பாடு வேண்டும், நைட்ரேட்தான் அந்தச் சாப்பாடு. ஒன்பது வாரமாக அது தின்றது போக மிச்சத்தைத்தான் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

"சார், இந்தத் தண்ணிய கைக்குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா?"

"கூடவே கூடாது! ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைன்னா ரத்தத்துல ஆக்ஸிஜன் சேராது. உதடு நீலம் பாஞ்சிடும். உயிருக்கே ஆபத்தும்மா."

"கொதிக்க வெச்சு, சார்? அரை மணி நேரம் கொதிக்க வெச்சு?"

"கொதிக்க வெச்சா தண்ணிதான் சுண்டும், நைட்ரேட் எங்க போகும்? இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ஏம்மா? ஏன் கேக்குற?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். தங்கைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். பாப்பா தூங்கும்போது ஃபோனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

அந்த இடத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கவா செய்தாள்? முழங்கால் வலியை மறந்து, சறுக்கி, உட்கார்ந்து, எழுந்து ஓடினாள். பக்கத்திலேயே ஓடை அவளோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம் போல அத்தனை தெளிவாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பத்து மணிக்கு ஒரு புட்டி கொடுப்பாள் தங்கை. ஃபோனைப் பார்த்தாள், ஒன்பது ஐம்பது. 'அழுது அடம் பிடி கண்ணு, குடிக்காத, இன்னிக்கு ஒருநாள் குடிக்காத' என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே ஓடினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் சாய்த்திருந்தாள். புட்டி முக்கால்வாசி காலியாகியிருந்தது.

"மெதுவாக்கா. நேத்திலேருந்து இவ ஒரே தூக்கம். குளிருது போல, உதடெல்லாம் ஒரு மாதிரியா…"

பாட்டிலக்கா புட்டியைப் பிடுங்கி எறிந்தாள். பாப்பாவை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து பார்த்தாள். உதட்டைச் சுற்றிச் சாம்பல் நீலம். விரல் நகங்களிலும் அதே நிறம். இதற்குமுன் வீட்டுக்குள் மங்கலில் பார்த்துப் பார்த்துக் கொஞ்சியிருக்கிறாள், கண்ணில் படவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியால் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டு அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு என்ன தண்ணி குடுக்குறீங்க?"

"நல்லா கொதிக்க வெச்ச தண்ணிதான் டாக்டர்" என்றாள் தங்கை, அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமையோடு. "எங்கக்கா தண்ணி இலாகாவுல இருக்கா. அவளே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா."

"ஓடையில நைட்ரேட் அறுபத்தொண்ணு டாக்டர்" என்றாள் பாட்டிலக்கா. டாக்டரம்மா உடனே கருநீல மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினார். நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீல மருந்தா என்று அவள் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம். அவள் வாழ்க்கையில் அத்தனை நீளமான நாற்பது நிமிடம் வேறு கிடையாது. பாப்பாவின் உதட்டில் முதலில் ஓரங்களில், பிறகு நடுவில் சிவப்பு திரும்பியது. பிறகு வாயைத் திறந்து அழுத அழுகையில் அடுத்த அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தங்கை சிரித்தாள். "பொழச்சிட்டாக்கா, பொழச்சிட்டா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஊருல வேற கைக்குழந்தைங்க இருக்குமே. அவங்களுக்கும் இதே தண்ணிதானே?"

பாட்டிலக்கா வராந்தாவுக்குப் போய் லேப் சாருக்கு ஃபோன் போட்டாள். ஃப்ரிட்ஜ், ஜன்னல், வெயில், பச்சை, குலுக்கிக் கொடுத்தது, எதையும் மறைக்கவில்லை.

"எத்தன வாரம்?"

"ஒம்போது சார்."

"நான் குழாய நிறுத்தச் சொல்றேன், லாரித் தண்ணி அனுப்பச் சொல்றேன். அதுக்கு மத்தியானம் ஆயிடும். வீடுகள்ல ஏற்கெனவே கொதிக்க வெச்ச தண்ணி இருக்குமேம்மா" என்றார்.

அவள் செருப்பை மாட்டினாள். எந்தக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்கின்றன என்று ஊர் முழுக்க அவளுக்குத் தெரியும். பதினொரு வீடு. முதல் வீட்டில் ஓர் இளம் தகப்பன் கதவைத் திறந்தான். தோளில் குழந்தை, கையில் புட்டி.

"வாங்க பாட்டிலக்கா! என்ன இந்த நேரத்துல?"

அவள் முதலில் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். சிவப்புதான். கையிலிருந்த புட்டியை வாங்கித் தெருவில் கொட்டினாள்.

"என்னக்கா பண்றீங்க? நல்ல தண்ணின்னு பலகையில போட்டிருக்கே!"

"அது என் தப்புப்பா" என்றாள். "நான் குடுத்த தண்ணி கெட்டுப்போன தண்ணி. வீட்டுல கொதிக்க வெச்சது அத்தனையும் கொட்டிடு, குழந்தைக்கு ஒரு சொட்டு குடுக்காத. லாரி வரும்."

இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, நான்காம் வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள், ஏச்சும் வாங்கிக்கொண்டாள். ஏழாம் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. கொடியில் சின்னத் துணிகள் இன்னும் ஈரமாகத் தொங்கின. அந்த வீட்டுப் பெண் அவளுக்குத் தெரிந்தவள்தான். 'குழந்தைக்கு எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும்கா?' என்று போன மாதம் இதே வாசலில் நின்று அவளிடம் கேட்டிருந்தாள்.

"அவங்களா? விடியக்காலையிலயே குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஒடம்பெல்லாம் நீலமா இருந்துச்சு. ஏங்க, என்ன வியாதி அது?"