தறிக்குழிக்குள் ஒரு கப்டன்

போன வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போனேன். மச்சான் உசனாரின் தறிக்கொட்டிலை எட்டிப் பார்த்தால்... தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு இருப்பவர் மச்சான் இல்லை. பாண்டிருப்புத் தம்பிராசா! அரசாங்கக் கந்தோரில் பேனா பிடிக்கும் கிளாக்கர், கல்முனைக் கந்தோர்க்காரர்களின் உதைபந்தாட்டக் கப்டன் — மடிப்புக் குலையாத காற்சட்டையோடு நெசவு பழகுகிறார்!

ஏன்? அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

ரேடியோவில் புதிதாகக் கேட்ட பாட்டு, கடல் கடந்த கிரிக்கெட், சூயஸ் கால்வாய்ச் சங்கதி — இவற்றையெல்லாம் வாராவாரம் தேடிப் பிடித்து எழுதுகிறேன். "உள்ளூரில் ஒன்றும் உம் கண்ணில் படாதோ?" என்று ஒரு வாசகர் குத்தியிருந்தார். பட்டது ஐயா, பட்டது!

மருதமுனை நெசவுக்கார இளந்தாரிகளுக்குப் பந்துப் பைத்தியம். மச்சான்தான் அவர்களின் கப்டன். ஆடுவது கடற்கரை மணலில். பந்து காய்கிற கரைவலையில் போய் விழுந்தால், இவர்கள் மீன்காரரின் வாயில் விழவேண்டும். கல்முனையிலோ புல் முளைத்த மைதானம் ஒன்று இருக்கிறது. அது கந்தோர்க்காரர் கையில். மச்சான் போய்க் கேட்டார்.

"ஒரு மெச் போடுவம் காக்கா. நீங்க வெண்டா கிழமையில பாதி நாள் மைதானம் உங்களுக்கு. தோத்தா, பிறகு இந்தக் கதையோட வரப்படாது" என்றார் தம்பிராசா, எங்கள் வழக்கப்படி மச்சானை அண்ணன் முறை வைத்து.

மச்சான் ரோசக்காரர். "அவனுகள் சப்பாத்தோட வருவானுகள், நாம வெறுங்காலோட போறதா?" என்று மட்டக்களப்பு வரை போய்ப் பழைய சப்பாத்துகளைத் தேடி எடுத்துவந்து, எல்லோருக்கும் மாட்டிவிட்டார்.

விளைவு? முதல் பாதியில் நம்மவர்கள் ஓடிய ஓட்டம், உழவுச் சேற்றில் இறங்கிய புது மாப்பிள்ளையின் நடைதான். இரண்டு கோல் வாங்கினோம். என் நெஞ்சு கொதித்தது. மைதானம் போயே போச்சு!

இடைவேளையில் மச்சான் சப்பாத்தைக் கழற்றி வீசினார். "கழட்டுங்கடா! தோக்கிறதெண்டாலும் நம்மட காலால தோப்பம்."

தம்பிராசா சிரித்தார். "கால் ஒடிஞ்சா எங்களக் கேக்கப்படா காக்கா!"

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? பந்தாட்டத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஆடுகிறவனுக்கு வலக்கால்தான் பலம். அவனை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டால் பாதி ஆள் ஆகிவிடுவான். கந்தோர்க்காரர் அப்படியே ஒதுக்கினார்கள். மச்சான் இடக்காலால் விட்டார் ஒன்று — கோல்! பதறிப்போய் மறுபக்கம் ஒதுக்கினார்கள். இன்னொருவன் வலக்காலால் விட்டான் — கோல்! இவர்களுக்கு எந்தக் கால்தான் வராத கால்? தம்பிராசா முழித்தார். நானும்தான்.

அந்த நேரம் பார்த்து, சுற்றி நின்ற நெசவுக்காரர் கைதட்டத் தொடங்கினார்கள். சடக்... படக். சடக்... படக். அட, தறிச் சத்தம்! யாரோ கொண்டுவந்திருந்த றபான் கொட்டும் அதோடு சேர்ந்துகொண்டது. எனக்குப் பொறி தட்டியது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தறியின் மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்கிற கால்கள் அல்லவா இவை! வலக்கால் மட்டும் வேலை செய்து இடக்கால் தூங்கினால் சாரன் ஏது, சேலை ஏது?

ஆட்டம் முடியப்போகிற தறுவாயில் மூன்றாவது கோல். "அல்லாஹு அக்பர்!" என்று எழுந்த சத்தம் பாண்டிருப்புக் கோயிலடிவரை கேட்டதாம். என் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தேன், இன்னும் கிடைக்கவில்லை. ரேடியோவில் கேட்ட எத்தனையோ வெற்றிகளுக்குக் கைதட்டியவன் நான். கண் கலங்கியது இதற்குத்தான்.

தம்பிராசா வாக்கு மாறவில்லை. மறுநாளே மைதானத்தை விட்டுக்கொடுத்தார். அதோடு நில்லாமல் தறிக்கொட்டிலுக்கும் வந்துவிட்டார். "காக்கா, என்ட இந்த இடக்காலுக்கு ஒரு வழி காட்டுங்க."

"பந்து பிறகு பாப்பம். முதல்ல ஒரு துவாய நெய்யுங்க" என்று குழிக்குள் இறக்கிவிட்டாராம் மச்சான்.

தம்பிராசா வந்த கதையைக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை கூட வந்த மச்சான் என் காதுக்குள் குனிந்தார். முகத்தில் கவலை.

"மச்சான், மனிசன் கெதியாப் பழகுறாரு. ரெண்டு காலும் ஒண்டாப் போகுது. அடுத்த மெச்சும் வரப்போகுது... நூல் முடிஞ்சு போச்செண்டு சொல்லவா?"

தம்பிராசா இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.