ஆன்டெனாவில் ஒரு சிவப்புத் துணி

கருத்தக்கண்ணன், வயது நாற்பத்தொன்று, காமயகவுண்டன்பட்டி. பன்னீர் திராட்சைத் தோட்டம், அரை ஏக்கர். வீட்டில் தொலைபேசி 1998 முதல். செல்போன் வாங்க முதலில் எண்ணியது 2003 மே மாதம். 2004 நவம்பர் வரை வாங்கவில்லை.

மனமில்லாமல் அல்ல. கம்பம் பேருந்து நிலையத்தருகே ஜேசுராஜ் நடத்தும் செல்போன் கடைக்கு மாதம் ஒருமுறையாவது போய்விடுவார். டார்ச் வைத்தது வந்தபோது, கலர் திரை வரட்டும் என்றார். கலர் திரை வந்ததும், கேமரா வைத்தது வரப்போவதாகப் பத்திரிகையில் படித்தார். வாங்கிய மறுவாரமே அது பழையதாகிவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு குடைந்துகொண்டே இருந்தது.

அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. திராட்சைத் தரகர் சண்முகராஜ் இவர் வீட்டுக்குப் போன் செய்தால், மனைவி பூமாரி மாடியேறி ஆன்டெனாக் குழாயில் சிவப்புத் துணி கட்டுவார். தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரியும். சைக்கிளை மிதித்தால் பத்து நிமிடத்தில் வீடு சேர்ந்து பதில் சொல்லிவிடலாம். பழம் கனியும் நாட்களில் அவருக்கு வேலை ஓடாது. நாலு குலை பார்ப்பதற்குள் இரண்டு முறை பந்தலைவிட்டு வெளியே வந்து மாடியைப் பார்ப்பார்.

2004 நவம்பர் 9, செவ்வாய். தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். பழம் முழுக்கக் கனிந்து நின்றது. மழை நின்று பெய்தால் வெடித்துவிடும். காலையிலேயே தூறலோடு மேகம் ஊருக்குள் இறங்கியிருந்தது. ஏழெட்டு முறை வெளியே வந்தும் மாடி தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? போன நேரத்தில் தரகர் நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டால்? வரப்பில் நடந்தார், நின்றார், திரும்பினார்.

ஒன்பதரைக்குப் பூமாரியே ஓடிவந்தார்.

"ஏங்க, துணி கட்டி முக்கா மணி நேரமாச்சு! கண்ண எங்கன வச்சிருந்தீக?"

"மேகம் மறைக்குது. தரகர் என்ன சொன்னாக?"

"அரை மணிக்குள்ள வெட்டலாமான்னு சொல்லணுமாம். நானே சரின்னேன். தோட்டக்காரர் வாயால வரணும்னுட்டாக. இப்ப மறுபடி கூப்பிட்டு, லாரிய ராயப்பன்பட்டிக்கு விட்டாச்சுன்னுட்டாக. கேமராப் போன் வரட்டும், வெடிச்ச பழத்தப் படம் புடிச்சு மாட்டி வச்சுக்கங்க!"

அன்று மதியமே கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

"பொறுத்தது பொறுத்தீக, அண்ணே," என்றார் ஜேசுராஜ். "தீபாவளி கழிச்சுப் புது மாடல் இறங்குது."

பணத்தை எடுக்கப் போன கை சட்டைப்பையிலேயே நின்றது.

"என்னைக்கு?" என்று கேட்டுவிட்டார். ஜேசுராஜ் காலண்டரை எட்டிப் பார்ப்பதற்குள், "வேணாம்ப்பா, சொல்லாத. இருக்கிறதக் குடு," என்றார்.

மழை புதன் முழுக்க விடவில்லை. வியாழன் காலை ஏழு பத்துக்குப் பந்தலுக்கடியில் செல்போன் அடித்தது. புது நம்பரை முந்தின நாளே வாங்கி வைத்திருந்த சண்முகராஜ்தான்.

"பத்து மணிக்கு ஒரு வண்டி போகுது. தோட்டத்துல என்ன நிக்குது?"

"எண்ணிச் சொல்றேன், வையிங்க."

வரிசை வரிசையாகக் குனிந்து, ஒவ்வொரு குலையையும் திருப்பிப் பார்த்தபடி நடந்தார். கடைசிக் கல்தூணருகே நின்று எண்ணை அழுத்தினார். அரை ஏக்கரிலும் சேர்த்து வெடிக்காத குலைகள், 214.