பரிசலில் பெண் பார்த்தது

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம், என்னைப் பெண் பார்க்க ஒகேனக்கல்லில் ஏற்பாடாயிற்று. சிரிக்காதீர்கள். அதற்கு முன் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள். எழுதவேயில்லை. அது தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. மூன்றாவதும் அப்படி ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் இந்தத் தடவை இரண்டு குடும்பமும் அருவி பார்க்க வந்ததுபோல வந்து, ஒன்றாகப் பரிசலில் போய்விட்டுத் திரும்புவது என்று அப்பா பேசி முடித்தார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். "அவரு மட்டும் என்னைப் பாத்தாப் பத்தாதுப்பா. நானும் பாக்கணும். பாத்துட்டு நான் சொல்றதுதான்."

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் பதிலை அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார். நாங்கள் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தாக வேண்டும். இதை விட்டால் தை மாதம்தான் என்று அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ, உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையைவிடப் பரிசல்மேல்தான் ஆசை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றங்கரை. ஆனாலும் வயசுப் பெண்ணுக்குத் தண்ணீரில் என்ன வேலை என்று இருபத்தொரு வயது வரை என்னைக் கரையிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அன்று பஸ்ஸில் மலை இறங்கும்போது அருவிச் சத்தம் கேட்டதுமே என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. அம்மா இரண்டு தடவை தொடையில் கிள்ளினாள்.

அவர்கள் காரிமங்கலத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. தேய்த்த வெள்ளைச் சட்டையில் தலை குனிந்து நின்றார். வெட்கம் என்று நினைத்தேன்.

அம்மாவின் திட்டப்படி நான் அவளுக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் அடக்கமாக உட்கார வேண்டும். பரிசல்காரரிடம் அது எடுபடவில்லை. மூங்கில் பின்னித் தோல் போர்த்திய அந்த வட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஒரு பக்கமாப் பாரம் ஏறுனா கவுந்துருமுங்க. பெரியம்மா இங்க குந்துங்க. பெரியவரு அவங்களுக்கு எதிர்ல. நீங்க ரெண்டு பேரும் ஒல்லி, எதிரும் புதிருமாக் குந்துங்க."

அந்த இரண்டு ஒல்லிகள் நானும் மாப்பிள்ளையும். முழங்கால் இடிக்காத குறைதான். அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பரிசல் கிளம்பியது. புது வெள்ளம் வடிந்திருந்தாலும் தண்ணீர் இன்னும் செம்மண் நிறத்தில்தான் ஓடியது. இரண்டு பக்கமும் பாறை உயர்ந்துகொண்டே போக, சாரல் முகத்தில் அடித்தது. நிபந்தனை நினைவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தும் பார்க்கப் பிடிக்கவில்லையா? அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. சரி, மூன்றாவதும் போச்சு, பரிசலாவது மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு சுத்து சுத்தட்டுங்களா?" என்றார் பரிசல்காரர்.

"சுத்துங்கண்ணா! நல்லா வேகமா!"

பரிசல் பம்பரமாகச் சுற்றியது. பாறை, அருவி, அப்பா, வானம் எல்லாம் கலந்து ஓடின. பின்னல் அவிழ்ந்தது, புடவை தொப்பலாக நனைந்தது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே மறந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கரையில் இறங்கியதும் அவருடைய அக்கா அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, பொண்ணு வாயே தொறக்காதுன்னீங்களே!" அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சுற்றியபோது இருந்த தைரியம் போன இடம் தெரியவில்லை.

அக்கா தம்பியிடம் திரும்பினார். "சொல்லுடா, பொண்ணு புடிச்சிருக்குதா?"

அவர் வெளிறிப்போய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குப் பதில் சொல்லாமல் என் அப்பாவிடம் பேசினார். "மன்னிக்கணுங்க. நான் பாக்கவே இல்லீங்க. எங்கூரு ஏரில கூட முழங்காலுக்கு மேல நான் எறங்குனதில்ல. காலைலருந்து அந்தப் பரிசலத்தான் பாத்துட்டு நின்னேன். ஏறுன ஒடனே கண்ண மூடிட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டேன். அவங்க சிரிச்ச சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

அவரே தொடர்ந்தார். "இன்னொரு தரம் போலாமுங்களா?"

"அதான் எதுருலயே நிக்குதே, இங்கயே பாத்துக்கடா," என்றார் அவருடைய அம்மா.

"இல்லம்மா. அங்க சிரிச்சாங்களே, அந்த முகத்தப் பாக்கணும்."

எனக்குக் காது வரை சூடேறியது. பயந்ததைப் பயந்தேன் என்று பெண் வீட்டாரிடமே ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ!

மறுபடி ஏறினோம், அதே இடங்களில். அவர் இரண்டு கையாலும் பரிசலின் விளிம்பைப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் கண்ணை மூடவில்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இருமினாள். அவர் அசையவில்லை.

நடு ஆற்றுக்கு வந்ததும் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். "இப்ப வேண்டாமுங்களா, சுத்தறது?"

"அவங்களுக்குப் புடிக்குமுங்க," என்றார் அவர், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சுத்துங்க."

பரிசல் சுற்ற ஆரம்பித்தது. கரைக்குப் போய்ச் சொல்லலாம் என்று என்னால் பொறுக்க முடியவில்லை. அருவி இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினேன்: "எனக்குச் சம்மதம்ப்பா!"