அரைப்படமும் சலூன்காரர் சொன்ன முடிவுகளும்

தண்ணீர் நிலையத்தில் இரவெல்லாம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூட்டாளிகள் அரைப்படம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாகிவிட்டது, தலை பஞ்சாக வெளுத்துவிட்டது, பேரனும் பிறந்துவிட்டான். அந்தப் பெயருக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

பெயர் வந்த கதை இதுதான். அவருக்கு நிரந்தரமாக இரவு வேலை. மனைவிக்குத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற பகல் வேலை. வீட்டில் சின்னப் பெண் இருந்ததால் ஒருவர் வெளியே போனால் மற்றவர் வீட்டில் இருக்க வேண்டும். சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றியதும் இவர் செருப்பை மாட்டுவார். நேராக மாலைக்காட்சி. சலூன்காரரும் கணக்கு வாத்தியாரும் அங்கே இடம் பிடித்து வைத்திருப்பார்கள். ஆனால் ஒன்பது மணிக்கு மோட்டார் அறையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால், கதாநாயகன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வில்லனைத் தேடிப் புறப்படுகிற நேரத்தில் இவரும் எழுந்து புறப்படுவார். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, "தலையை எடுய்யா", "கண்ணு தெரியலையா" என்று நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தால், மோட்டார் அறை போய்ச் சேரும் வரை மிதிதான். அந்தக் காலத்தில் அவர் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. முடிவு பார்த்த படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையில், கண்ணெல்லாம் எரிய, வீட்டுக்குப் போகிற வழியில் சலூனில் நுழைவார். சவரம் செய்தபடியே சலூன்காரர் மிச்சக் கதையைச் சொல்லுவார். அதைச் சூடு ஆறாமல் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய், வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருக்கும் மனைவியிடம் முழுப் படத்தையும் சொல்லிவிட்டுத்தான் படுப்பார். அவள் பல்லில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டே, "ம்... அப்புறம்?" என்பாள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது மனைவி உள்ளறைக் கட்டிலில் இருக்கிறாள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் கொண்டுபோனது. பேச்சையும் குழப்பிவிட்டது. அந்த ஊரில் அவள் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவள் குரலைக் கேட்டவர்கள் அதிகம். கடைவீதியில் காய் விலை கேட்டாலே, "அம்மா, நீங்க போன் ஆபீஸ்தானே?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு, தண்ணீர் என்று நினைத்தால் வேறு ஏதோ வார்த்தை வாயில் வந்து நின்றது. வெளியூரில் இருக்கும் மகள் ஒருநாள் போனில், "என்னம்மா சொல்ற? புரியலையேம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். அன்றோடு இவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வேண்டும் என்றால் தலையை ஆட்டுவாள். வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். பேசப் பேசத்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொன்னார். யார் கேட்டது?

காலையில் அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, கைகாலை நீட்டி மடக்கிவிட்டு நிமிர்ந்தால் பொழுது உச்சிக்கு வந்திருக்கும். இடுப்பு இரண்டாகப் பிளக்கும். அந்த வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாள் முழுக்க ஒரு வீட்டுக்குள்ளே தன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவரை உலுக்கி எடுத்தது. 'இதோ வரேன்', 'கொஞ்சம் பொறு', 'வலிக்குதா' என்று தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வார். சில சமயம் மோட்டார் அறையே தேவலை என்று தோன்றும். அங்கே மோட்டாராவது சத்தம் போடும்.

வாரத்தில் ஒருநாள் மதியம் மட்டும் அவருக்கு விடுதலை. மனைவியின் தங்கை வந்து அக்காவுக்குத் துணையாக உட்காருவாள். இவர் சலூனின் பின்னறைக்குப் போவார். முன்னால் சலூன்காரரின் மகன் கடையைப் பார்த்துக்கொள்ள, பின்னால் மூன்று கிழவர்களும் தேநீரும் பிஸ்கட்டுமாகப் பழைய படங்களைப் பிரித்து மேய்வார்கள்.

படம் பார்ப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோணல். சலூன்காரர் கதாநாயகனின் முகத்தைப் பார்த்ததே கிடையாது, முடியைத்தான் பார்ப்பார். "ஆத்துல விழுந்து அடிச்சிக்கிட்டுப் போனான்ல? எந்திரிச்சு வரும்போது வகிடு வலப்பக்கம்! ஆத்துக்குள்ள யாருய்யா சீப்பு வெச்சுக்கிட்டு நின்னது?" என்பார். கணக்கு வாத்தியாருக்கு வயசுக் கணக்கு உதைக்கும். "அம்மாவா வந்த பொம்பளை பிள்ளையா வந்தவனைவிட இளசு. அந்தப் பிள்ளை பத்தாங்கிளாஸ்ல பாஸ் பண்ணேன்னு ஓடி வர்றான், தொப்பை முன்னால வருது" என்பார். அதே வாத்தியார், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் எங்கேயும் போனதில்லை. இருட்டிய கொட்டகையிலும் பாதிப் படத்தில், "ஏம்பா, நான் பூட்டினேனா?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார். பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியும்?

மழைக்காலத் தொடக்கத்தில் மைத்துனி குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். "இனிமே பஸ் ஏறி வர முடியாது போலிருக்கே மாமா, அக்காவை நினைச்சா மனசு அடிச்சுக்குது" என்று போனில் அழுதாள். "அழாதம்மா, நான் பார்த்துக்கறேன், நீ காலைப் பாரு" என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு மதியமும் போயிற்று.

இரண்டு மூன்று வாரம் அவர் தலை தெரியவில்லை என்றதும் கூட்டாளிகளே கிளம்பி வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோது இவர் தோளில் ஈரத் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி.

"என்னய்யா இது, முகமா முள்ளுவேலியா?" என்றார் சலூன்காரர்.

"உள்ள வாங்க. சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணசந்தா."

முன்னறையில் உட்கார்ந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அங்கிருந்து கட்டிலின் கால்மாடு தெரியும். கொஞ்ச நேரம் உடம்பு, மருந்து, முழங்கால் என்று பேசினார்கள். அப்புறம் பேச்சு செத்துவிட்டது. சாயம் போன முகத்தோடு நண்பர் உட்கார்ந்திருப்பதைச் சலூன்காரரால் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"நம்ம கப்பல் படம் ஞாபகம் இருக்கா? நேத்துகூட டிவியில பாட்டு போட்டான்."

கப்பல் படம் அவர்கள் மூன்று பேருக்கும் உயிர். கப்பலில் இயந்திரம் பார்க்கிற கதாநாயகன் தூர தேசம் போகிறான். துறைமுகத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கம்பில் கட்டி வைத்துவிட்டு ஒருத்தி காத்திருக்கிறாள். நான் இருக்கும் வரை இந்தத் துணி பறக்கும் என்று சொல்லியிருக்கிறாள். புயலில் கப்பல் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் இவர் எழுந்து மோட்டார் அறைக்குப் போனார்.

"புயல் ஓஞ்சு கப்பல் வருது பாரு," சலூன்காரர் வழக்கம்போலக் கையை விரித்தார். "தூரத்துல வெள்ளையா பறக்குது. அவன் மேல்தளத்துலருந்து ஒரே குதி! நீந்தியே கரைக்கு வந்து..."

"இல்ல."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொன்னது அவர்களில் யாரும் இல்லை.

"இல்... ல," என்றது உள்ளறை. "அவ... செத்... செத்துட்டா."

தோளில் இருந்த துண்டு கீழே விழுந்தது இவருக்குத் தெரியவில்லை. உள்ளறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மனைவி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணி, உதடு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தது. உதவிக்கு இவர் வாயைத் திறக்கப்போக, பின்னாலிருந்து வாத்தியார் கையைப் பிடித்து அழுத்தினார். சும்மா இரு என்று அர்த்தம்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி வந்தன. கம்பில் துணி இல்லை. நடுவில் துணிக்கு ஏதோ வேறு பெயர் வந்தது. அவளே எரிச்சலோடு தலையை ஆட்டி, திருத்திச் சொன்னாள். அவன் இறங்கி ஓடுகிறான். வீட்டில் அவள் தங்கை மட்டும் இருக்கிறாள். அந்தத் துணியை... அந்தத் துணியைத்தான் அவள் மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மனைவிக்கு நெற்றி வியர்த்துவிட்டது. சலூன்காரர் கட்டில் ஓரமாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த வயதிலும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் மாதிரிதான் இருந்தது.

"தங்கச்சி சொல்றதுதான் சரி," என்றார்.

"அப்ப நீந்தி வந்தது?" என்று கேட்டார் அரைப்படம்.

"யாரும் நீந்தல."

"கல்யாணம்?"

"எங்க இருந்து வரும் கல்யாணம்? அதான் பொண்ணே போயிடுச்சே!" சலூன்காரருக்குக் குரல் ஏறியது. "நீ ராத்திரி பூரா அந்த மோட்டார் பக்கத்துல ஒத்தையில உக்காந்துட்டு, கண்ணு ரெண்டும் செவந்துபோய் வந்து என் நாற்காலியில சாயுற. 'அவ தப்பிச்சாளா'ன்னு கேக்குற. என் கையில கத்தி, உன் கழுத்துல சோப்பு. செத்துட்டான்னு சொல்லி நீ வெடுக்குனு எந்திரிச்சா என்ன ஆவுறது?"

முதலில் சிரித்தது வாத்தியார்தான். "அடப்பாவி! இப்படி எத்தனை பேரைய்யா பொழைக்க வெச்ச?"

அப்புறம்தான் விசாரணை ஆரம்பித்தது. இவர் ஒவ்வொரு படமாகக் கேட்டார். அந்த டாக்டர் படம்? போய்ச் சேர்ந்துட்டார். இரட்டைப் பிள்ளைகள் படம்? ஒருத்தன்தான் மிச்சம். கண் தெரியாத பாட்டுக்காரன்? சலூன்காரர் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து பதில் வந்தது: "அவனும்." இவருக்கு இது சிரிப்பா துக்கமா என்று புரியவில்லை. நாற்பது வருடமாக நல்லபடியாகப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே மதியத்தில் கொத்துக் கொத்தாகப் போய்விட்டார்கள். கடைசியில், "அந்த நாய்க்குட்டி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாய்க்குட்டி பொழைச்சிருச்சு. சத்தியமா," என்றார் சலூன்காரர்.

கூட்டாளிகள் போன பிறகு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

லீவு நாளில் ஆபீஸ் தோழிகளோடு பகல்காட்சி பார்த்ததை அவள் அரை வார்த்தையிலும் இடது கையிலுமாகச் சொன்னாள். ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள். முடிவு வரைக்கும்.

"தெரிஞ்சுதான் தினமும் 'அப்புறம், அப்புறம்'னு கேட்டியா? ஒரு நாளாவது சொல்லக் கூடாது?"

அவள் வெகுநேரம் தேடினாள். இவரும் காத்திருந்தார்.

"நீங்க... நல்லா... சொன்னீங்க."

அதற்காக வீட்டில் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. கையும் காலும் அப்படியேதான் இருந்தன. மைத்துனியின் முழங்கால் தேறவில்லை. சில நாட்களில் மனைவிக்கு ஒரு வார்த்தைகூட வராமல், கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிடுவதும் உண்டு. தரையைத் துடைத்துவிட்டு இவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆனால் மகள் போன் செய்தபோது ஒருநாள், "சாப்... சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். "ம்மா, சாப்பிட்டேன்மா" என்று பதில் வந்தபோது இவள் போனை இவரிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். போதும் என்று அர்த்தம்.

கூட்டாளிகள் இப்போது வாராவாரம் இங்கேதான் வருகிறார்கள். வந்ததும் நேராக உள்ளறைக்குத்தான். வாத்தியார் அவளுக்குத் தேநீரைக் கரண்டியால் கொடுப்பார். பாதி மோவாயில் வழியும். "பாடம் நடத்தத் தெரிஞ்ச அளவுக்கு இது தெரியலையே அண்ணே" என்று அவள் கண்ணாலேயே சொல்லுவாள். சலூன்காரர் ஒரு கதை விடுவார், அவள் "பொய்" என்பாள். அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குத் தட்டாமல் வருகிறது.

அப்படி ஒரு மதியம் அவர்களை உள்ளே விட்டுவிட்டு, கொஞ்சம் இடுப்பைச் சாய்க்கலாம் என்று முன்னறையில் பாயை விரித்தார். உள்ளே யாரோ ஒரு நடிகையின் கொண்டையைப் பற்றிச் சண்டை நடந்தது. காதில் விழுந்தது, அர்த்தம் விழவில்லை. ஒரு வருடமாக, கூப்பிட்டால் எழ வேண்டுமே என்று ஒரு கண்ணைத் திறந்து வைத்தே தூங்கிப் பழகியவர், அன்று இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினார்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கூட்டாளிகள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே மனைவி அயர்ந்து தூங்கினாள், முகம் துடைத்துவிடப்பட்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து நாற்காலியில் அடுக்கி வைத்திருந்தார்கள். மடித்த லட்சணத்தைப் பார்த்தால் சட்டை எது, தலையணை உறை எது என்று சொல்ல முடியாது. பிரித்து மறுபடி மடிக்கலாமா என்று ஒன்றை எடுத்தார். பிறகு அதை அப்படியே அடுக்கின் மேலே வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார்.