ஒன்பது கேபி கராம்பு

எங்கள் டிசைன் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: மற்றவர்கள் செய்யும் தவறு மேசை லாச்சிக்குள் கிடக்கும், நாங்கள் செய்யும் தவறு பத்தடிப் பலகையில் ரோட்டோரம் நிற்கும்.

மாத்தளை டவுனில் பிளெக்ஸ், ஸ்டிக்கர், கல்யாணக் கார்ட் எல்லாம் அடிக்கும் ஒரு கடையில் நான் டிசைனர். "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்று யாராவது சொன்னதும் உங்களுக்கும் எழுந்து ஓடத் தோன்றும் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் ஒரே கூட்டம். நஸீமா ராத்தாவின் லோகோவுக்கு நான் இழைத்த கொடுமைகளை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ராத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடையில் நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். ஊர் உக்குவளை. வருசக் கணக்காக மிளகு, மஞ்சள், கராம்பு, கறுவா என்று அரைத்துக் கொடுத்தவர். அத்தனையும் யார் யாரோ பேர் போட்ட பாக்கெட்டில்தான் போனது. இப்போது பலாபத்வலையில், கண்டி ரோட்டோரம் இருக்கிற மிளகும் கராம்பும் வளர்த்துச் சுற்றுலாக்காரருக்குக் காட்டுகிற ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தின் மெனேஜர், வாசலில் உள்ள சின்னக் கடையை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, பாக்கெட்டும் பெயர்ப் பலகையும் போகிற வருகிற வெள்ளைக்காரர் நின்று பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கடை வேறு ஒருவருக்கு. ராத்தாவின் சொந்தப் பேர் முதல் தடவையாக வெளியில் வரப் போகிறது. அந்தப் பொறுப்பைக் கொண்டுபோய் யார் கையில் கொடுத்தார் பாருங்கள்.

எடைக்குக் குறைந்த லோகோ

ஒரு கராம்பு மொட்டு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும், 'நஸீமா'. மொட்டை வெறும் கோடுகளால் வரைந்தேன், பேரின் எழுத்துகளுக்கு மட்டும் உள்ளே நிறம் நிரப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே வந்திருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ராத்தா வந்தார், முகம் சரியில்லை. மகனுடைய லெப்டொப்பில் பார்த்தாராம், ஃபைல் மொத்தமே ஒன்பது கேபிதானாம். "என்ட போன்ல எடுத்த பூனைப் படமே அஞ்சு எம்பி ஈக்குது தம்பி. இவ்வளவு நாளா வரைஞ்சதுக்கு இவ்வளவுதானா வந்திச்சு?" என்றார். தராசில் நிறுத்து விற்றே பழகிய மனுஷி, என் லோகோவையும் நிறுத்துப் பார்த்துவிட்டார்.

எனக்கு விளக்கம் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். போட்டோ என்றால் லட்சக்கணக்கான நிறப் புள்ளிகள், படத்தைப் பெரிசாக எடுத்தால் புள்ளியும் கூடும், எடையும் கூடும். இது வெக்டர். 'இங்கேயிருந்து அங்கே வரைக்கும் இப்படி வளைத்து ஒரு கோடு போடு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்பு மட்டும்தான் இதில் இருக்கிறது. ராத்தா அசையவில்லை. சரி, அவர் வழிக்கே போவோம் என்று, "ஒரு வீட்டுக்குச் சமைச்சாலும் கல்யாணத்துக்குச் சமைச்சாலும் புரியாணி செய்முறை அதே அரைப் பக்கம்தானே ராத்தா? அப்படித்தான் இதுவும். இந்த ஒன்பது கேபியைத் தபால் முத்திரை அளவுக்கும் அடிக்கலாம், பஸ் அளவுக்கும் அடிக்கலாம். குறிப்பு கூடாது, குறையாது" என்றேன். இதைவிட அழகாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குள் ஒரு நினைப்பு. ராத்தா யோசித்துவிட்டுச் சொன்னார்: "செய்முறைய மட்டும் தந்துட்டீங்க. அப்ப புரியாணிக்கு நான் எங்க தம்பி போறது?"

எம்பி ஏற்றிய கதை

அப்போதாவது நான் உறுதியாக நின்றிருக்கலாம். மானப் பிரச்சினை விட்டதா? எடைதானே வேணும், இந்தா எடை என்று, அவர் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த கராம்பில் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் போட்டோ பிடித்தேன். அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, "நீயே கோடாக மாற்று" என்று ஒரு பட்டனை அமுக்கினேன். கராம்பின் தோலில் இருக்கிற ஒவ்வொரு சுருக்கத்துக்கும், நிழலுக்கும், தாளில் ஒட்டியிருந்த தூசிக்கும் ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. ஃபைல் முப்பது எம்பியைத் தாண்டிவிட்டது. படத்தின் அளவு என்னவோ நெருப்புப் பெட்டி அளவுதான். ராத்தாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

சிரிப்பு ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினுக்குப் போகும்வரைதான். அது ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் நம்பி பிளேடை ஓட்டுகிற அப்பாவி. ஒரே இடத்தில் நின்று கொத்து ரொட்டி போடுகிற மாதிரிக் கொத்தத் தொடங்கியது. ஸ்டிக்கர் நூல் நூலாகக் கிழிந்தது, கம்ப்யூட்டர் மூச்சுப் பேச்சில்லாமல் உறைந்தது, வரிசையில் நின்ற கல்யாணக் கார்ட் வீட்டார் முறைத்தார்கள். எங்கள் முதலாளி வந்தார். கோபத்தில் கத்துகிறவர் இல்லை, அதுதான் கஷ்டம். கிழிந்த ஸ்டிக்கரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு கராம்பு வரையச் சொன்னதுக்கு ஏன்யா தோட்டத்தையே வரைஞ்சு வச்சிருக்க?"

சின்னதாக்கிய கராம்பு

திரும்ப ஒன்பது கேபிக்கே வந்தேன். ராத்தாவும், மெஷின் பட்ட பாட்டைப் பார்த்தாரோ என்னவோ, எம்பி கேட்பதை விட்டுவிட்டார். பாக்கெட்டில் ஒட்டுகிற லேபலுக்கு லோகோவை முத்திரை அளவுக்குச் சுருக்கினேன். இந்த இடத்தில் நம் கூட்டத்துக்காரர்கள் தலையில் கை வைத்திருப்பீர்கள். ஆமாம், அதேதான். படம் சுருங்கும்போது கோட்டின் தடிப்பும் சேர்ந்து சுருங்கட்டும் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் சரி போட வேண்டும். நான் போடவில்லை. மொட்டு சின்னதானது, கோடு பழைய தடிப்பிலேயே நின்றது. எல்லாக் கோடும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புத் திட்டு. மொட்டின் தலையில் அழகாக விரிந்திருந்த நாலு இதழும் கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கோ அவசரம், சரியாகப் பார்க்காமலே அடித்து ஒட்டிவிட்டேன்.

மாதிரி பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு ராத்தாவோடு நானும் பலாபத்வலைக்குப் போனேன். பாராட்டு கிடைக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாமா? மெனேஜர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பாக்கெட்டை வாங்கினார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ராத்தா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் பலகையும் பாக்கெட்டும் ஒழுங்காக வராவிட்டால் கடை மற்ற ஆளுக்கு என்று மெனேஜர் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அதற்கு முன்னால், பாக்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்டாரே, அதுதான்: "தம்பி, இது சாப்பிடுற தூளா, கரப்பானுக்குப் போடுற தூளா?"

பெரிசாக்கிய கராம்பு

பஸ்ஸில் திரும்பி வரும்போது ராத்தா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்கு வந்த வேகத்தில் உட்கார்ந்து, அந்த முத்திரை அளவு மொட்டின் ஒவ்வொரு கோட்டையும் தலைமுடி மாதிரி மெல்லிசாக்கினேன். லேபல் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. முதலாளி தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பிலேயே, அதே ஃபைலை எடுத்துப் பலகைக்காகப் பத்தடிக்கு இழுத்தேன்.

அந்தக் கட்டம்? அதைத் தொடவே இல்லை. மொட்டு பத்தடிக்கு வளர்ந்தது, கோடு தலைமுடியாகவே நின்றது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அது தெரியாது. எவ்வளவு மெல்லிய கோடென்றாலும் திரை நம் மேல் இரக்கப்பட்டு ஒரு புள்ளி தடிப்புக்காவது காட்டிவிடும். நான் பார்த்தேன், கராம்பு இருந்தது. முதலாளி பார்த்தார், கராம்பு இருந்தது. பிளெக்ஸ் அடித்த கையோடு சுருட்டி அனுப்பிவிட்டோம்.

ஞாயிறு காலை சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து ரோட்டோரம் நிறுத்தினார்கள். நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மேல் பாதி வெள்ளை. பால் மாதிரி வெறும் வெள்ளை. கராம்பைத் தேடிக் கண்டுபிடிக்க ஏணி வைத்து ஏறி மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டும். கீழே மட்டும், நிறம் நிரப்பிய எழுத்து ஆனதால் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, 'நஸீமா' என்று ஆளுயரத்துக்கு நின்றது. அடுத்த யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

ராத்தா தூள் பெட்டிகளோடு த்ரீவீலில் வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நிமிர்ந்து பார்த்தார். நான் ஓடிப்போய், "மன்னிச்சிருங்க ராத்தா, நாளைக்கே மாத்திரலாம், கராம்பைத் தடிப்பாக்கிக் கொண்டாறேன்" என்று உளறிக்கொண்டிருக்கிறேன், அவர் காதில் ஒன்றும் விழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தன் பேரை எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து போயிருந்தது. நான் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து மெனேஜர் வந்தார். இடுப்பில் கை வைத்துப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "எங்க கராம்பு? லோகோவில கராம்பு இருந்ததே?" என்றார். என் உயிர் பாதி போய்விட்டது. அந்த நேரம் ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பலகையைக் காட்டி டிரைவரிடம் பேரை உச்சரித்துக் கேட்டார், டிரைவர் தோட்டத்துக்குள் திருப்பினார். அது பலகையைப் பார்த்தா, எப்படியும் திரும்ப வேண்டிய வேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. மெனேஜர் வேனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பாக்கெட்டைப் பிரித்து மெனேஜரின் மூக்குக்குக் கீழே நீட்டினார்: "கராம்பு உள்ளுக்கு ஈக்குது சேர். வெளியில என்ட பேரு நிக்கட்டும்."

கடை ராத்தாவுக்குக் கிடைத்தது, பலகையை மாற்ற அவர் இன்றுவரை விடவில்லை, ஆக ஊரே நின்று பார்த்து மெச்சுகிற என்னுடைய ஒரே டிசைன் நான் வரைந்தது கண்ணுக்குத் தெரியாமல் போன டிசைன்தான்.