சொந்த ஊரில் விசில் ஊதுகிறவள்

ரெஃப்ரி வேலை என்பது ஒரே ஒரு ஊதலில் மைதானத்தில் பாதிப் பேரைப் பகைத்துக்கொள்ளும் வேலை; சொந்த ஊரில் ஊதினால் மொத்தப் பேரையும்.

நான் விருத்தாசலத்தில் ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். சனி, ஞாயிறுகளில் கால்பந்து ரெஃப்ரி. இந்தப் பக்கத்தில் பரீட்சை எழுதி பாஸான ரெஃப்ரிகள் குறைவு என்பதால், எங்கள் ஊர் டீம் ஆடும்போதும் பல சமயம் என்னையே அனுப்பிவிடுவார்கள். டீமில் இருப்பவர்கள் பெரும்பாலும் செராமிக் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள். நெய்வேலிக்குப் போனால் ஜெயிப்பார்கள். சிதம்பரத்துக்குப் போனால் ஜெயிப்பார்கள். சொந்த கிரவுண்டில் இறங்கினால் தோற்றுவிடுவார்கள். இந்த சீசன் முழுக்க இதே கதைதான். முதலில் கோல்போஸ்ட் நிற்கிற திசை சரியில்லை என்றார்கள். போஸ்ட்டைப் பிடுங்கி நட முடியாது என்று தெரிந்ததும் ரெஃப்ரி சரியில்லை என்றார்கள்.

பஸ் கண்டக்டர்களே, ரேஷன் கடைக்காரர்களே, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவர்களே, நாலு பேர் நடுவில் நின்று ‘இல்லை’ என்று சொல்வதே பிழைப்பாகிப்போன எல்லோருமே, மேற்கொண்டு சொல்வது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

முத்தல் வெண்டைக்காய்

பண்ருட்டி டீமோடு ஆட்டம். கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் தினேஷ் வலைக்குள் பந்தை அடித்தான். கூட்டம் எழுந்து குதித்தது. எல்லைக்கோட்டில் நின்ற என் உதவி ரெஃப்ரி முருகவேல் மட்டும் அசையாமல் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். தினேஷுக்குப் பந்து தட்டிவிடப்பட்ட நொடியில் அவன் எதிரணியின் கடைசி டிஃபென்டரைத் தாண்டி நின்றிருந்தான். ஆஃப்சைடு. நானும் பார்த்தேன். ஊதினேன். கொண்டாட்டம் அப்படியே வசவாக மாறியது. கடைசியில் பண்ருட்டிக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். நான் எப்போதும் காய் வாங்குவது தினேஷின் அம்மாவிடம். வழக்கமாக, “வாங்க டீச்சரம்மா” என்பார். அன்றைக்குக் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. வேறு கடைக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் அது இன்னும் அசிங்கம். அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“எம்புள்ள கோல் போட்டத ரெண்டு கண்ணால பாத்தேன், நீங்க இல்லன்னுட்டீங்க. வெண்டக்கா தரேன் டீச்சரம்மா, ஆனா இன்னிக்கு முத்தலாதான் போடுவேன்.”

வீட்டுக்குள் ஒரு கேலரி

என் கணவர் செந்தில் இன்சுலேட்டர் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். டீமில் பாதிப் பேர் அவரோடு ஷிஃப்டில் நிற்கிறவர்கள். ஆட்டத்தன்று என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நேராகக் கூட்டத்துக்குள் போய்விடுவார். அதன்பிறகு அவருக்கு நான் யாரோ. “ரெஃப்ரி! கண்ணு எங்க இருக்குது?” என்று கத்துகிற குரல்களில் அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குரல், கேட்காமல் போகுமா?

ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரன் கையில் பந்து பட்டது. பெனால்ட்டி பெனால்ட்டி என்று ஊரே கத்தியது. அவன் கை உடம்போடு ஒட்டியிருந்தது, பந்து தானாக வந்து மோதியது. ‘ஆடுங்க’ என்று கையைக் காட்டினேன். அன்றைக்கும் தோல்வி. ராத்திரி அவருக்குச் சோறு போட்டேன். ரசம் ஊற்றும்போது திடீரென்று எழுந்தார். ஒரு தக்காளியை எடுத்துத் தன் முழங்கையில் மோதவிட்டு, “இங்க பட்டா என்ன அர்த்தம்?” என்றார். “கை உடம்போட இருந்தா ஒண்ணும் இல்லைங்க” என்றேன். தக்காளியைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோதுதான், அந்தப் பையன்கள் தோற்பது அவரை எவ்வளவு வாட்டுகிறது என்று எனக்கு உறைத்தது.

“வூட்டுல நீ சொல்றதயெல்லாம் நான் கேக்குறேன் இல்ல? கிரவுண்டுல ஒரே ஒரு தடவ நான் சொல்றத நீ கேட்டா கொறஞ்சா போயிடுவ?”

தெரிந்த குரல்கள்

வேப்பூர் டீமோடு ஆடியபோது எங்கள் ஊர்ப் பையன்கள் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டாம் பாதியில்தான் அந்தக் கூத்தை வெகு அருகிலிருந்து பார்த்தேன். பந்து காலுக்கு வந்தாலே பையன்கள் விறைத்துப்போனார்கள். ஒரு பாஸ் தப்பினால், “சம்பளத்துக்கு மட்டும் வரத் தெரியுது இல்ல?” என்று கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர். கேப்டன் ஆரோக்கியராஜ் பந்தைப் பின்னால் தள்ளினால், “பயந்தாங்கொள்ளி!” என்று இன்னொருவர். கடைசிப் பத்து நிமிஷத்தில் கோல் கீப்பர் பிரபு, பந்தை எடுத்துவைக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, “சீக்கிரம் ஊதி முடிச்சிடுங்க மேடம்” என்றான். ஜெயிக்கிற டீமின் கீப்பர் கெஞ்சுகிறான்! நேரம் இருக்கிறதே, நான் எப்படி ஊதுவேன்? வேப்பூர்க்காரர்கள் அதற்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஆரோக்கியராஜ் கோல்போஸ்ட்டில் சாய்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். “வெளியூர்ல நல்லாதானே ஆடுறீங்க, இங்க என்னப்பா ஆகுது?” என்று கேட்டேன். ரெஃப்ரி அப்படிக் கேட்கக் கூடாதுதான். அவன் ஆள் இல்லாத மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான்.

“நெய்வேலில திட்டுனா எவனோ திட்டுறான்னு போயிடும் மேடம். இங்க ஒவ்வொரு சத்தமும் யாரோட வாயின்னு தெரியுது, அதுல ஒண்ணு எங்கப்பாவோடது.”

பீங்கான் சில்லு

கடைசி ஆட்டம் கருவேப்பிலங்குறிச்சி டீமோடு. தோற்றால் எங்கள் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். டிரா செய்தால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் ஆளுக்கொரு கோல். கருவேப்பிலங்குறிச்சிப் பையன் ஒருவன் பந்தோடு கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்ட்டிப் பெட்டிக்குள் நுழைந்தான். ஆரோக்கியராஜ் சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினான். பந்து அகப்படவில்லை, கால் அகப்பட்டது. என் வாயில் விசில் இருந்தது. அதை ஊதுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தேன் பாருங்கள், அவ்வளவு கனமான மூச்சை நான் இழுத்ததே இல்லை. ஊதினேன். பெனால்ட்டி.

கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. எங்கிருந்தோ ஒரு பீங்கான் சில்லு பறந்து வந்தது. எங்கள் ஊரில் கல்லைத் தேடத்தான் நேரமாகும், உடைந்த பீங்கான் எங்கே குனிந்தாலும் கிடைக்கும். சில்லு முருகவேல் புருவத்தைக் கிழித்துவிட்டது. அவர் கொடியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சள் கொடி சிவப்பாகிக்கொண்டே வந்தது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். சுற்றிலும் தெரிந்த முகங்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போகலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் நிறுத்தினால் தோல்வி எங்கள் ஊருக்குத்தான் எழுதப்படும், அப்புறம் நடப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு செந்தில் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கையை அகல விரித்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“அது பெனால்ட்டியே இல்ல, சாவுற வரைக்கும் இவகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். ஆனா இன்னொரு சில்லு வரணும்னா, அது எம்மேல பட்டுட்டுதான் போவணும்!”

கோட்டின் மேல் ஒரு கால்

கூட்டம் மெதுவாகக் கோட்டுக்கு வெளியே போனது. முருகவேலைக் கைத்தாங்கலாக எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பந்தைப் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்தேன். பிரபு கோல்கோட்டில் நின்றான். கருவேப்பிலங்குறிச்சிப் பையன் ஓடிவந்து அடித்தான். பிரபு வலது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான்.

அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்வேன்? ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். செந்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்தை உதைப்பதற்கு முன்பே பிரபுவின் இரண்டு காலும் கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டன. குறைந்தது ஒரு கால் கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அடிக்க வேண்டும். பார்க்கவில்லை என்று இருந்துவிடலாம். முருகவேலின் ரத்தம் என் சட்டைக் கையில் இன்னும் காயவில்லை. பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பக்கம், பெனால்ட்டி அடித்த பையன் முகத்தை மூடிக்கொண்டு மண்டியிட்டிருந்தான். அவனுக்கு இங்கே கத்த ஆளே இல்லை. அவனுக்கு நியாயம் பேச அந்த கிரவுண்டில் என் விசில் ஒன்றுதான் இருந்தது.

ஊதினேன். கையைப் புள்ளியை நோக்கிக் காட்டினேன்.

மொத்தக் கூட்டமும் எழுந்தது. முன்வரிசை மறுபடியும் கோட்டைத் தாண்டியது. செந்திலே என்னை வெறித்துப் பார்த்தார். இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்று நான் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னைத் தாண்டிக்கொண்டு பிரபு ஓடினான். கையுறை மாட்டிய இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நேராகக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றான்.

“நான்தான்ணா லைன விட்டு வந்துட்டேன், அவங்க சொல்றது சரிதான். எல்லாரும் போய் உக்காருங்க, இன்னொரு தடவ புடிக்கிறேன்!”

தையல் போட்ட பிறகு

பிடிக்கவில்லை. பந்து இந்தத் தடவை இடது மூலைக்குள் போனது. எங்கள் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. யாரும் எதுவும் எறியவில்லை, யாரும் கத்தவும் இல்லை. பிரபுவைச் சுற்றி நின்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். கத்தாத கூட்டம் கத்துகிற கூட்டத்தைவிடக் கனமாக இருந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை, வழியை மட்டும் விட்டார்கள். செந்தில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். ஏறு என்று சொல்லவில்லை, ஆனால் நான் ஏறி உட்காரும்வரை கிளப்பவும் இல்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். முருகவேல் புருவத்தில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பெனால்ட்டியைப் பிடித்தது, நான் மறுபடியும் அடிக்கச் சொன்னது, பிரபு கூட்டத்தின் முன்னால் போய் நின்றது. செந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகவேல் புருவத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடிபட்ட மனுஷன், இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரி மேடம், ஆனா கருவேப்பிலங்குறிச்சிக்காரன் ரெண்டாவது தடவ அடிக்கிறதுக்கு முன்னால பெட்டிக்குள்ள வேற யாரும் நுழையலன்னு நல்லா பாத்தீங்களா?”

சொந்த கிரவுண்டில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்று இந்த சீசன் முழுக்க எங்கள் டீமைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அதே கிரவுண்டில் ஒரு நாளும் ஜெயிக்காத என் பெயரையும் அதோடு சேர்த்துக்கொள்ள ஏனோ மறந்துவிடுகிறார்கள்.