நட்சத்திரம் சொல்லாத அர்ச்சனை

அந்த விளம்பரத் தாளை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. என் வாய் எப்போதும் இப்படித்தான், தேவையில்லாத நேரத்தில் முந்திக்கொண்டு ஓடும். ஒஷாவாவில் ஒரு பழைய பணக்காரரின் மாளிகையையும், இங்கிலாந்துப் பாணியில் அவர் போட்ட தோட்டத்தையும் சனங்கள் பார்க்கத் திறந்துவிடுகிறார்களாம். கீழே வெள்ளைத் தூண்களோடு ஒரு படம். 'கார்டன் டெம்பிள்' என்று போட்டிருந்தது.

"தோட்டத்துக்குள்ள ஒரு கோயிலாம்" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன சாமி?" என்றார் அம்மா உடனே.

"ஆருக்குத் தெரியும்?"

"தெரியாத சாமியெண்டாலும் சாமிதானே. கொப்பற்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வம். இந்தச் சாமியாவது கண் திறக்குதோ பாப்பம்."

அது 1996, கனடாவில் கோடைகாலம். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஊரில் நின்ற அப்பா, முந்தைய வருடம் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சனமாக வன்னிக்கு நடந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. அம்மா வெள்ளி தவறாமல் ஸ்காபரோக் கோயிலில் அவருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். அர்ச்சனை என்பது உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது.

அப்பா உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். பிக்கரிங்கில் நான் வேலை செய்த இடத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் ஊரை விசாரித்தார். பிறகு அப்பாவின் பெயரைக் கேட்டார். கேட்டதும் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார்.

"தம்பி, கிளிநொச்சியில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளதான் எல்லாரும் இருந்தனாங்கள். அவருக்குக் காய்ச்சல். ரெண்டு நாள்தான். அங்கயே எரிச்சவை."

இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை, மூன்று வெள்ளி, போய்விட்டது. அந்த மூன்று கிழமையும் அப்பா என்னை விடவில்லை. கதைக்கத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவது அவருடைய பழக்கம். தனியே காரோட்டிப் போகும்போது பின் சீற்றில் அந்தச் செருமல் கேட்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

சனிக்கிழமை அம்மா தலைக்கு முழுகி, பட்டுச் சேலை கட்டி, பையில் தேங்காயும் பூவும் கற்பூரமும் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். பிக்கரிங்கில் தொடங்கிய தேவாரம் விட்பி தாண்டியும் முடியவில்லை. பின்னால் செருமல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடியே நான் ஓட்டினேன்.

தோட்டத்தில் நீளமான தண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாக நீரூற்றுகள். தொட்டியின் முடிவில் படத்தில் கண்ட அந்தக் கோயில். அம்மா புல்லிலேயே செருப்பைக் கழற்றினார். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அவருடைய காலைப் பார்த்தார்கள். அவர் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த இலைகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"மூலஸ்தானம் வெறுமையாக் கிடக்கு. இஞ்சையும் சண்டையே? சாமியையும் தூக்கிக்கொண்டு ஓடிட்டினமோ?"

பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளையாரை அப்படித்தான் சாக்கில் சுற்றிக் கொண்டு போனார்கள். எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது.

"அம்மா, உது கோயிலில்லை. பணக்காரர் வடிவுக்குக் கட்டின மண்டபம்."

"கட்டினவனே கோயிலெண்டு பேர் வைச்சிருக்கிறான், நீ ஆர் இல்லையெண்டு சொல்ல? ஐயர் இல்லாட்டிப் பரவாயில்லை. நீ சொல்லு."

பூவைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடினார். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். பக்கத்துத் தூணுக்குப் பின்னால் தொண்டை செருமிய சத்தம். சத்தியமாகக் கேட்டது.

"நட்சத்திரம்?" என்றார் அம்மா.

பூசம். மூன்றே மூன்று எழுத்து. சொல்ல வாய் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்பவரும் அதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது.

அம்மா கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அதுதான் மூண்டு வெள்ளியும் கோயிலுக்குள்ள வராமல் காருக்குள்ளயே இருந்தனியோ?"

நான் ஓமென்று தலையை ஆட்டினேன். செத்தவீட்டுத் துடக்கோடு கோயிலுக்குள் போகக் கூடாதென்று எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"உனக்குத் துடக்கெண்டு நீ வெளியில நிண்டாய். என்னை உள்ள விட்டனி. செத்த மனிசனுக்கு மூண்டு தரம் அர்ச்சனை செய்ய விட்டனி. நீயெல்லாம் ஒரு பிள்ளையே?"

சொல்லிக்கொண்டே அவசர அவசரமாகப் படியிறங்கினார், சாமியே இல்லாத அந்த இடத்தையும் தீட்டாக்கிவிட்டோம் என்று பயந்தவராக. புல்லில் இருந்துகொண்டார். நானும் பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடம், காய்ச்சல், இரண்டு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஆரடா கொள்ளி வைச்சது?" என்று கேட்டார்.

நான் ஒரே மகன். வைக்க வேண்டியவன் நான். வேலையிடத்தில் அந்த மனிதரோடு ஒரே மேசையில் மூன்று கிழமை சாப்பிட்டிருக்கிறேன். இதை அவரிடம் நான் கேட்கவே இல்லை.